குழந்தைகளோடு ஆகாய கங்கைக்கு

மலைக்குப் போகிறவர்களுக்கு இயற்கை வழக்கமாக ஒரு சலுகை தந்திருக்கிறது. உடம்பில் தெம்பும் மனத்தில் உற்சாகமும் நிறைந்திருக்கும் காலை வேளையில் ஏற்றம். களைத்துத் திரும்பும் மாலை வேளையில் இறக்கம். பழனியானாலும் பர்வதமலையானாலும் இதுவே முறை. ஆனால் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில், அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகே பள்ளத்தாக்கில் விழும் ஆகாய கங்கை அருவிக்குச் செல்கிறவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. அங்கே வண்டி மேலே வரை போய்விடுகிறது. அருவி கீழே இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் முதலில் இறங்கி, நீராடி, பசியாறி, உடல் தளர்ந்த பிறகே ஏற வேண்டும். வளர்ந்தவர்களுக்கு இது சிரமம் மட்டுமே. சிறு குழந்தைகளை அழைத்துச் செல்லும் பெற்றோருக்கோ அன்றைய பொழுது முழுவதையும் முடிவிலிருந்து தொடக்கத்துக்குக் கணக்கிட வேண்டிய பொறுப்பு. அந்தக் கணக்கைச் சரியாகப் போட்டுக்கொண்டு போகும் குடும்பத்துக்கு, ஒரே பகலில் நடந்து திரும்பக்கூடிய அருவி வழிகளில் இதற்கு ஈடானவை நம் நாட்டில் மிகச் சிலவே என்பது என் துணிபு.

கிழக்குத் தொடர்ச்சி மலை, மேற்குத் தொடர்ச்சியைப் போல இடையறாது நீண்டு செல்லாமல், சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று தனித்தனிக் கூட்டங்களாகச் சமவெளியிலிருந்து எழுந்து நிற்பது. கொல்லிமலை 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்தது. எனினும் அதன் மேற்பரப்பு கூரிய சிகரமாக முடிவதில்லை. மேலே ஏறியவுடன் வயல்களும் வாழைத் தோட்டங்களும் மிளகுக் கொடி படர்ந்த மரங்களும் ஊர்களும் கொண்ட வேறொரு நாடே விரிகிறது. நாடு என்றே அங்குள்ளவர்களும் சொல்லுகிறார்கள்: வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு என்று மலை பல நாடுகளாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. மலையாளி என்ற பெயருடைய பழங்குடி மக்கள் நெடுங்காலமாகச் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து அங்கே வாழ்ந்து வருகிறார்கள். இந்த மேட்டு நிலத்தின் ஓடைகள் திரண்டு ஐயாறு என்ற பெயர் பெற்று, வடக்கு விளிம்பில் திடீரென்று பாறை முடிந்துபோகும் இடத்தில் ஏறத்தாழ 300 அடி கீழே பாய்கின்றன. அந்தப் பாய்ச்சலே ஆகாய கங்கை. விழுந்த நீர் காட்டு வழியே இறங்கித் திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலையை நனைத்துச் சென்று முடிவில் காவிரியில் கலக்கிறது.

குழந்தைகளுக்கு இந்தப் பிரயாணத்தின் முதல் சோதனை நடையில் அன்று, சாலையிலேயே வந்துவிடுகிறது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே செல்லும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணைப் பொறித்திருப்பதால் எண்ணத் தெரிந்த பிள்ளைகள் ஆவலோடு எண்ணத் தொடங்குவார்கள்; முப்பதாவது வளைவுக்குள் பாதிப் பேருடைய முகம் வெளுத்துவிடும். உடல் சுழல்வதைச் செவியின் உள்ளே இருக்கும் சமநிலை உறுப்பு மூளைக்குத் தெரிவித்துக்கொண்டிருக்க, மடியில் வைத்திருக்கும் கைப்பேசியிலோ முன் இருக்கையின் முதுகிலோ நிலைத்த கண்கள் ஒன்றும் அசையவில்லை என்று தெரிவிக்கும்போது, இவ்விரு செய்திகளின் முரண்பாட்டினால் உண்டாவதே இந்தக் குமட்டல். இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரை உள்ளவர்களை இது மிகுதியாக வருத்தும். ஆகையால் அன்று காலை இரண்டு இட்லிக்கு மேல் வற்புறுத்தி ஊட்ட வேண்டாம். எண்ணெய்ப் பலகாரம் கூடவே கூடாது. கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு, தூரத்து மலைமுகட்டையும் வரப்போகும் வளைவையும் பார்க்கச் சொல்லுங்கள். இருபது வளைவுகளுக்கு ஒரு முறை வண்டியை ஓரமாக நிறுத்திக் காற்று வாங்கச் செய்வது நேர விரயம் அன்று. குமட்டி வாடிய குழந்தையை அதன் பிறகு ஆயிரம் படி நடத்துவது யாராலும் ஆகாத காரியம்.

மலைமேல் உள்ள செம்மேடு என்ற ஊரைக் கடந்து அறப்பளீசுவரர் கோயிலை அடைந்ததும் உடனே படிகளை நோக்கி ஓடாமல், ஐயாற்றங்கரையில் சிறிது நேரம் உட்காருவது நல்லது. தேவார வைப்புத்தலங்களுள் ஒன்று இது. அம்பலவாணக் கவிராயர் பாடிய அறப்பளீசுர சதகத்தின் நாயகர் இந்தப் பெருமானே. ஆற்றில் உள்ள மீன்களை ஒருவரும் பிடிப்பதில்லை. முன்னொரு காலத்தில் ஒருவர் இங்கே பிடித்துத் துண்டாக்கிய மீன்கள் மீண்டும் பொருந்தி உயிர்பெற்று நீரில் துள்ளி ஓடின என்றும், அறுத்த மீனைப் பொருத்தியவர் இந்தச் சுவாமி என்றும் ஊரார் சொல்லுகிறார்கள். பொரியைத் தூவினால் மீன்கள் கூட்டமாக மேலெழுந்து வாய் திறப்பதைக் குழந்தைகள் வைத்த கண் வாங்காமல் பார்ப்பார்கள். சாலைச் சுழற்சியில் கலங்கிய வயிறு அதற்குள் அடங்கிவிடும். அதைவிட முக்கியமானது, கீழே விழப்போகும் நீர் இப்போது தங்கள் காலடியில் சலசலத்து ஓடும் இதே நீர்தான் என்பதைக் கண்ணால் கண்டுவிட்ட குழந்தைக்கு, அது எங்கே போய் விழுகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆவல் தானாக எழுகிறது. அந்த ஆவல் ஒன்றே அன்றைய நடைக்குப் போதிய எரிபொருள்.

இனிப் படிகள். தொடக்கத்தில் அகலமாகவும் சீராகவும் இருப்பவை, இறங்க இறங்கக் குறுகியும் செங்குத்தாகவும் ஆகின்றன. கைப்பிடிக் கம்பிகள் உள்ளன. இரு புறமும் காடு நெருங்கி வந்து நிழல் தருகிறது. படியின் உயரத்தைப் பெரியவர்கள் கவனிப்பதில்லை. ஓரடி உயரமுள்ள ஒரு படி நமக்கு முழங்காலுக்கு வெகு கீழே அடங்கிவிடும். நான்கு வயதுக் குழந்தைக்கோ ஏறக்குறைய அதன் முழங்கால் மட்டத்துக்கு நிற்கும். நாம் ஆயிரம் படி இறங்குகிறோம் என்று எண்ணும்போது, அந்தக் குழந்தை ஆயிரம் திண்ணைகளிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டிருக்கிறது. பக்கவாட்டில் திரும்பி, ஒரு காலை வைத்து மறு காலையும் அதே படியில் சேர்த்து இறங்கக் கற்பித்தால் சறுக்காது. பெரியவர் ஒருவர் எப்போதும் குழந்தைக்குக் கீழ்ப்படியில் நடக்க வேண்டும், மேற்படியில் அன்று. விழுகிறவன் கீழ்நோக்கித்தான் விழுவான். ரப்பர் செருப்பு இந்த வழிக்கு உதவாது. குதிகாலில் வார் உள்ள, அடியில் பள்ளம் வெட்டிய காலணியே வேண்டும். அது நனைந்தாலும் நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

இறங்குவது எளிது என்ற எண்ணம் பாதிதான் உண்மை. மூச்சு வாங்குவதில்லை, இருதயம் படபடப்பதில்லை. ஆனால் தொடையின் முன்புறத் தசைகள், சரிவில் வண்டியோட்டி பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வருவது போல, ஒவ்வொரு படியிலும் நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்கி நிறுத்துகின்றன. இவ்வாறு நீளும்போதே இழுத்துப் பிடிக்கும் வேலை தசை நார்களுக்கு ஏற்றத்தைவிடக் கடுமையான வேலை. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் தொடை வலிப்பது ஏறியதனால் அன்று, இறங்கியதனாலேயே. பாதி வழியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தகப்பனாரின் முழங்கால் தானாக நடுங்குவதைக் கண்டு அருகில் நிற்கும் பிள்ளை சிரிக்கும். பிள்ளையின் கால் எளிதில் அப்படி நடுங்குவதில்லை. அதன் உடல் பாரம் குறைவு. ஆனால் பிள்ளையின் களைப்பு இப்படி முன்கூட்டி அறிவித்து வருவதில்லை. துள்ளிக்கொண்டிருக்கும் குழந்தை ஒரு கணத்தில் உட்கார்ந்துவிடும், பிறகு எழாது.

ஆகவே முதலிலேயே போட்டுக்கொள்ள வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஸ்காட்லாந்து தேசத்து மலையேற்றக்காரரான வில்லியம் நைஸ்மித் 1892ஆம் ஆண்டில் வகுத்த ஒரு விதியை உலகெங்கும் மலைநடைக்காரர்கள் இன்றும் கையாளுகிறார்கள்: மூன்று மைல் நடைக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல், ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். இது திடகாத்திரமான ஆண்களை மனத்தில் கொண்டு சொன்னது. குழந்தைகள் உடன் வந்தால் விதி கூறும் நேரத்தை இரண்டு மடங்காக்கிக்கொள்வது விவேகம். ஐந்து வயதுக்கு உட்பட்டவர் ஒருவர் இருந்தாலும் மும்மடங்கு. ஆகாய கங்கையில் வளர்ந்தவர்கள் அரைமணியில் இறங்கி ஒரு மணியில் ஏறிவிடுவதுண்டு. குடும்பமாகச் செல்கிறவர்கள் இறங்க ஒரு மணி, அருவியில் ஒரு மணி, ஏற இரண்டு மணி என்று ஒதுக்கிக்கொள்ளட்டும். பிற்பகலுக்கு மேல் யாரையும் கீழே இறங்க வனத்துறையினர் அனுமதிப்பதில்லை என்பதையும், மலையில் மேகம் கவிவதும் மழை பிடிப்பதும் பெரும்பாலும் பிற்பகலில்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், காலை ஒன்பது மணிக்குள் முதற்படியில் கால் வைத்துவிட வேண்டும் என்று கணக்குத் தானே முடிவு சொல்லிவிடும். அதாவது மீனுக்குப் பொரி போடுவது எட்டரைக்கு. அடிவாரத்தை விட்டுக் கிளம்புவது விடிந்ததும். வெளியூரார் முன்னாளே வந்து செம்மேட்டில் தங்கிவிடுவது இதனினும் சிறந்தது.

நேரத்தை இவ்வளவு தாராளமாக ஒதுக்கச் சொல்வது, குழந்தை மெதுவாக நடக்கிறது என்பதற்காக மட்டும் அன்று. குழந்தைக்கு அருவி ஒரு குறிக்கோள் அல்ல. வழியில் உள்ள ஒவ்வொன்றும் அதற்குச் சமமான குறிக்கோளே. நனைந்த படியின் விளிம்பில் ஒரு மரவட்டை ஊர்ந்து போகிறது. கறுத்து மின்னும் உடம்பின் கீழ்க் கால்கள் அலையலையாக முன்னேறுவதை ஆறு வயதுச் சிறுமி குந்தி உட்கார்ந்து பார்க்கிறாள். சுள்ளியால் மெல்லத் தொடுகிறாள்; அது வட்டமாகச் சுருண்டுகொள்கிறது. மறுபடி விரியும் வரை அவள் அசைவதாக இல்லை. "வாடி கண்ணு, அருவி பார்க்க வேணாமா?" என்று கையைப் பிடித்து இழுக்கும் தகப்பனாருக்கு அவள் சொல்லும் பதில், "இருப்பா, இது இன்னும் முழிச்சுக்கலை" என்பது. அந்த ஐந்து நிமிஷத்தை அவளுக்குக் கொடுக்க முடியாத அவசரத்தோடு போவதானால், அந்தக் குடும்பம் போகாமலே இருந்திருக்கலாம் என்றுதான் நான் சொல்லுவேன். காட்டைப் பற்றிப் பாடப் புத்தகங்கள் பல ஆண்டு முயன்று புகட்டுவதை ஒரு மரவட்டை ஐந்து நிமிஷத்தில் புகட்டிவிடுகிறது. அதற்குத் தடையாக நிற்பவர் பெரும்பாலும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவரே.

நடை சுணங்கும் இடங்களில் கதை கைகொடுக்கும். கொல்லிமலையில் கதைக்குப் பஞ்சமில்லை. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. அவன் எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியின் வாயூடு சென்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் இருந்த உடும்பின் மேல் போய்த் தைத்தது என்று வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். பத்துப் படிக்கு ஒரு விலங்கு என்று வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். ஐந்து விலங்குகளும் முடிவதற்குள் ஐம்பது படி கடந்துபோயிருக்கும். கோரக்கர் முதலிய சித்தர்கள் தவம் செய்ததாகச் சொல்லப்படும் குகைகளும் இந்தக் காட்டில் இருக்கின்றன. ஆனால் குகையைத் தேடியோ குறுக்கு வழியென்றோ படிகளை விட்டு விலகிக் காட்டுக்குள் நுழைவது கூடாது. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத் தீயில் மலைநடை சென்றவர்கள் 20 பேருக்கு மேல் மாண்டது நாம் எளிதில் மறக்கக்கூடிய செய்தியா? அதன் பிறகே மலைநடைக்கென்று அரசு விதிமுறைகள் வகுத்தது. கோடையில் காய்ந்த புல்லும் சருகும் நிறைந்த மலையில், வனத்துறை காட்டிய வழியை விட்டு ஓரடியும் அகலாமை குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே படிய வேண்டிய பழக்கம்.

படிகள் முடியுமுன்பே ஓசை கேட்கத் தொடங்கிவிடும். கடைசித் திருப்பத்தில் குளிர்ந்த சாரல் முகத்தில் வந்து படும். பின்னர் மரங்கள் விலகி, இரு பக்கமும் செங்குத்தாக எழுந்த பாறைகளின் நடுவே, அண்ணாந்து பார்த்தால் வானத்திலிருந்தே இறங்குவதாகத் தோன்றும் அந்த வெண்மையான பிரவாகத்தின் முன் நிற்கிறோம். சிறு குழந்தைகள் அந்த முழக்கத்தைக் கேட்டு முதலில் அஞ்சித் தாயின் புடவைக்குள் முகம் புதைப்பதுண்டு. அவர்களை அப்போது நீரை நோக்கி இழுக்க வேண்டாம். பத்து நிமிஷம் தூரத்தில் உட்கார்ந்திருந்தால் அச்சம் தானாகவே ஆனந்தமாகிவிடும்.

இந்த மலையின் பெரும்பகுதி சார்னோகைட் என்ற மிகப் பழமையான கடினப் பாறை. கல்கத்தா நகரோடு சேர்த்துப் பேசப்படும் ஜோப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல் இவ்வகைப் பாறையால் ஆனது என்பதனால் இந்தப் பெயர் வந்தது. அந்தக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. மென்மையான பாறையாக இருந்தால் ஆறு அதை அரித்து அரித்துச் சரிவாக்கிவிடும், அருவிக்கு இடமிராது. இவ்வளவு கடினமான பாறை எளிதில் தேய்ந்து கொடாததனாலேயே மலை விளிம்பில் நீர் வேறு வழியின்றிக் குதிக்கிறது. காற்று என்பது இல்லாதிருந்தால் 300 அடி உயரத்திலிருந்து விழும் நீர் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் நம் தலையைத் தாக்கும். காற்றின் தடையினால் நீர் சிதறித் துளிகளாகி, துளிகள் வேகம் இழந்து, பெரும்பகுதி சாரலாகிவிடுகிறது. நாம் அருவியில் நிற்க முடிவது அதனாலேதான். இங்கே பெற்றோர் மனத்தில் பதிய வேண்டியது ஒன்று: துளியின் வேகத்தைக் குறைக்கும் காற்று, நீரோடு உருண்டு வரும் கல்லின் வேகத்தை அவ்வளவாகக் குறைப்பதில்லை. கைமுட்டியளவு கல் ஏறக்குறைய முழு வேகத்தோடு வந்து சேரும்; ஒடிந்த கிளையும் உடன் வரலாம். ஆகவே நடு நீர்த்தாரையின் கீழே குழந்தைகளை நிறுத்துவது எந்தப் பருவத்திலும் தகாது. சாரல் விழும் ஓரமும், முழங்கால் ஆழத்துக்கு மேற்படாத தெளிந்த நீருமே அவர்களுக்குப் போதும். உண்மையில் அவர்கள் விரும்புவதும் அதையே. பாசி படிந்த பாறையில் நின்றுகொண்டிருப்பதைக் காட்டிலும் உட்கார்ந்து நகர்வது பாதுகாப்பு. சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று சாரலைப் பார்க்கச் சொல்லுங்கள்; வானவில் வேறெங்கும் இல்லை, அவர்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும்.

குழந்தைகளின் உடல், எடையோடு ஒப்பிட மேற்பரப்பு மிகுந்தது. வெப்பம் வெளியேறும் வாயில் அவர்களுக்கு அதிகம், சேமிப்போ குறைவு. நாம் இன்னும் சுகமாக நனைந்துகொண்டிருக்கையில் அவர்களுக்கு நடுக்கம் கண்டுவிடும். உதடு நீலம் பாரித்தாலோ பற்கள் கிட்டினாலோ, இன்னும் விளையாட வேண்டும் என்று அவர்கள் அழுதாலும் கேளாமல் வெளியே எடுத்து, தலையை நன்றாகத் துவட்டி, உலர்ந்த உடைக்கு மாற்றிவிட வேண்டும். ஈர உடையோடு படியேறினால் வியர்வையும் குளிரும் சேர்ந்துகொள்ளும். தொடை உரசிப் புண்ணாகும். இன்னொரு ஜாக்கிரதை எல்லாவற்றினும் பெரியது. அருவிக்கு நீர் வருவது நமக்குத் தெரியாத மேட்டு நிலத்திலிருந்து. இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்க அங்கே மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். தெளிந்த நீர் கலங்கிச் செம்மண் நிறம் காட்டினாலோ, சருகும் சுள்ளியும் திடீரென்று மிகுதியாக வரத் தொடங்கினாலோ, முழக்கம் ஏறினாலோ, சற்று முன் வெளியே தெரிந்த கல் மூழ்கிவிட்டாலோ, துணிமணி போனால் போகிறதென்று விட்டுவிட்டுக் குழந்தைகளோடு படிக்கட்டில் உயரே போய்விட வேண்டியதுதான். யோசித்து முடிவெடுக்க அப்போது நேரம் இராது.

உணவு விஷயத்தில் குரங்குகளை மறந்து திட்டமிடுவது வீண். அவை பையின் ஓசையை அறியும். பாலிதீன் சரசரக்கும் இடத்துக்கு மரத்திலிருந்து நேரே இறங்கி வரும். ஆகையால் அருவியருகே இலை போட்டு அமரும் விருந்து வேண்டாம். ஒவ்வொரு குழந்தைக்கும் மூடியுள்ள சிறிய சம்புடத்தில் எலுமிச்சை சாதமோ தயிர் சாதமோ அடைத்து, துணிப்பையில் வைத்துக் கொண்டுபோனால் பத்து நிமிஷத்தில் உண்டு முடித்துவிடலாம். வயிறு நிறைய வேண்டாம், ஏற்றம் இருக்கிறது. வேர்க்கடலை மிட்டாயும் பேரீச்சம்பழமும் ஏற்றத்துக்கென்று தனியே இருக்கட்டும். குடிநீர் ஒவ்வொருவருக்கும் ஒரு லிட்டருக்குக் குறையக் கூடாது. அதில் பாதியை அருவியை விட்டுக் கிளம்பும்போது மிச்சம் வைத்திருக்க வேண்டும். எண்ணெய், சீயக்காய், சோப்பு, ஷாம்பு ஆகியவற்றை மேலேயே விட்டுவிடுங்கள். நாம் கரைத்துவிட்ட நுரை அடுத்து நிற்கும் புளியஞ்சோலைக்கும் அதற்கப்பால் உள்ள ஊர்களுக்கும் போய்ச் சேர்கிறது. மேலே பொரிக்கு வாய் திறந்த அந்த மீன்களின் இனமே கீழேயும் வாழ்கிறது. அருவியின் அடியில் கிழிந்த ஷாம்பு உறைகள் பாறை இடுக்குகளில் செருகிக்கிடப்பதைக் காணும்போது மனம் மிகவும் நொந்துபோகிறது. பிள்ளைகளின் கையில் ஒரு சிறு பையைக் கொடுத்து, தங்கள் குப்பையைத் தாங்களே மேலே கொண்டுவரச் செய்யும் பெற்றோர் பெரிய உபகாரம் செய்கிறார்கள்.

இனி ஏற்றம். மணி பதினொன்று ஆகும்போது, எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கும்போதே, கிளம்பிவிட வேண்டும். குழந்தை தானாகச் சலித்து வரும் வரை காத்திருந்தால் ஏறுவதற்கு வேண்டிய தெம்பும் அதோடு தீர்ந்துபோயிருக்கும். வரிசையில் மிகச் சிறியவனை முன்னே விடுங்கள். முன்னே போகிறவன் தலைவன். தலைவன் எளிதில் உட்காருவதில்லை. பின்னே தள்ளப்பட்ட குழந்தையோ, எட்டிப்பிடிக்க ஓடி, எட்டியதும் மற்றவர்கள் மறுபடி கிளம்பிவிடுவதைக் கண்டு மனமுடைந்துபோகிறது. களைத்த பின் ஓய்வெடுப்பதைவிடக் களைக்குமுன் ஓய்வெடுப்பதே முறை: இருபது படி, ஒரு நிமிஷம் நிற்றல், ஒரு வாய் தண்ணீர், நூறு படிக்கு ஒரு மிட்டாய், உட்காருதல். எண்ணிக்கையைக் குழந்தையே சொல்லட்டும். குழந்தை முகம் சிவந்து, வியர்வை நின்று, தலை வலிக்கிறது என்று சொன்னால் நிழலில் அமர்த்தி, பிடரியிலும் கைகளிலும் நீர் தெளித்துக்கொண்டே, உடனே மருத்துவ உதவிக்கும் ஆள் அனுப்ப வேண்டும்.

தூக்கிக்கொண்டு ஏறுவது பற்றிப் பலரும் கேட்பதுண்டு. தோளின் மேல் உட்கார்த்தி வைத்து ஏறுவது இந்தப் படிகளில் மிகவும் அபாயமானது. பாரம் உயரத்தில் இருப்பதால் ஒரு சறுக்கலில் இருவரும் பின்னால் சாய்வார்கள். அவசியம் நேர்ந்தால் முதுகோடு சேர்த்து உறுதியான துணியால் கட்டிக்கொண்டு, ஒரு கையால் கைப்பிடிக் கம்பியைப் பற்றி, இன்னொருவர் பின்னால் வர ஏறலாம். 15 கிலோ எடையுள்ள குழந்தையை ஆயிரம் படி சுமப்பது பயிற்சி இல்லாத ஒருவருக்கு ஆகிற காரியமா என்று கிளம்புமுன்பே நேர்மையாகக் கேட்டுக்கொள்வது நல்லது. ஆகாது என்றால், அந்தக் குழந்தை தானாக நடந்து ஏறும் வயது வரும் வரை இந்த அருவி காத்திருக்கும்.

மேலே வந்து சேர்ந்தவர்களுக்குக் கடைகளில் முடவாட்டுக்கால் கிழங்குச் சூப்பு கிடைக்கும். பாறைகளின் மேலும் மரங்களின் மேலும் வளரும் ஒரு பெரணியின் கிழங்கு அது. பழுப்பு நிறச் சடை ரோமம் மூடிக் கடைகளின் முன் குவிந்திருப்பதைக் கண்டு பிள்ளைகள் தடவிப் பார்ப்பார்கள். ரோமத்தைச் சீவி, நறுக்கி, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப்போட்டுக் கொதிக்க வைத்த அந்தச் சூப்பு மூட்டுவலிக்கு நல்லது என்பது மலைமக்களின் நம்பிக்கை. மருத்துவ குணம் எப்படியாயினும், நனைந்து நடந்து வந்த உடம்புக்கு அந்தச் சூடும் காரமும் உப்பும் மிகவும் இதமானவை. அன்னாசியும் மலைவாழைப் பழமும் அங்கேயே வாங்கலாம். மலைக்காரர்களிடம் பேரம் பேசாமல் வாங்குவது நம் கடமை என்று நினைக்கிறேன்.

எந்த வயதில் அழைத்துப் போகலாம்? என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். ஏழு வயது நிறைந்து, வீட்டருகே ஒரு கோயில் மலையையாவது சிணுங்காமல் ஏறி இறங்கிப் பழகிய பிள்ளைக்கு ஆகாய கங்கை ஏற்றது. அதனினும் சிறியவர்களுக்கு அதே மலையில் மாசிலா அருவியும் நம்ம அருவியும் இருக்கின்றன. சில படிகளிலேயே இறங்கிவிடலாம், உயரமும் குறைவு, நீரும் இதமாக விழும். அங்கே முதலில் நனைந்து பழகிய குழந்தை இரண்டு ஆண்டு கழித்து ஆகாய கங்கையைத் தானாகவே கேட்கும். கோடையில் நீர் மெலிந்துவிடும். ஆகஸ்டு முதல் ஜனவரி வரை அருவி நிறைந்திருக்கும். ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும் நாட்களில் மலையெங்கும் ஜனத்திரள் மிகுதி. குழந்தைகளோடு செல்பவர்கள் அந்த நாட்களையும் நீண்ட விடுமுறைகளையும் தவிர்த்து, வாரத்தின் நடுவே ஒரு நாளைத் தேர்ந்துகொள்ளலாம். பெருமழைக்குப் பின் நீர் பெருகினால் வனத்துறையினர் வழியை அடைத்துவிடுகிறார்கள். ஆகையால் அடிவாரத்திலேயே விசாரித்துக்கொண்டு ஏறுங்கள். மேலே போனபின் மூடியிருந்தால் காவலரோடு வாதாடாதீர்கள், ஐயாற்றங்கரையில் மீன்களுக்குப் பொரி போட்டுவிட்டு மாசிலா அருவிக்கு வண்டியைத் திருப்புங்கள்.